புதுப்பிப்பு: புதியவர்கள் கூரையில் தோன்றும் சிக்கல் தீர்ந்தது

கொழும்பு வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்காக நடத்தும் எங்கள் மைன்கிராஃப்ட் (கட்டைகளால் உலகம் கட்டும் கணினி விளையாட்டு) சர்வரில், 'செட்வேர்ல்ட்ஸ்பான்' கட்டளையால் திறந்த முற்றத்தின் நடுவைப் புதியவர்கள் தோன்றும் இடமாகக் குறித்த பிறகும் புதியவர்கள் பக்கத்து மண்டபக் கூரையில் தோன்றுகிறார்களே என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. குறித்த இடத்தைச் சுற்றி எத்திசையிலும் 10 பிளாக் (கட்டை) தூரத்துக்குள் ஏதாவதோர் இடத்தில்தான் விளையாட்டு ஆளை இறக்குகிறது; 'ஸ்பான்ரேடியஸ்' விதியின் இயல்பு மதிப்பு அது. அதை 0 ஆக்கினோம். இப்போது வருகிற ஒவ்வொருவரும் முற்றத்தின் நடுவிலேயே, விதிகள் எழுதிய பலகைக்கு நேரெதிரே நிற்கிறார்கள்.

கட்டிலில் உறங்கியவர்கள் இறந்தால் கட்டிலருகேதான் எழுவார்கள். அது அப்படியே இருக்கட்டும். அவரவர் வீடு அவரவருக்கு.

சர்வர் அமைப்புக் கோப்பிலுள்ள 'ஸ்பான் புரொடெக்‌ஷன்' 16 (தோன்றும் இடத்தைச் சுற்றி அத்தனை பிளாக் தூரத்துக்கு நிர்வாகி அல்லாதவர்கள் எதையும் உடைக்க முடியாதபடி காக்கும் அமைப்பு) என்பதை மாத்திரம் குறைத்துவிடாதீர்கள். நிர்வாகி ஒருவராவது நியமிக்கப்பட்டிருந்தால்தான் அந்தக் காப்பு வேலை செய்யும். எங்கள் முற்றத்தில் தம்பிமார் பார்த்துப் பார்த்துக் கட்டிய வளைவை யாரும் உடைக்க முடியாதிருப்பது அதனால்தான்.