குதிகால் நாணுக்குள் அழுத்தம்: எண் இறங்கிக்கொண்டே போகிறது, எதைக் குறிப்பது?

களியக்காவிளை பிசியோ:
சரிவுத் தோட்டத்தில் ஏறி இறங்கும் ரப்பர் வெட்டுக்காரர்களுக்கு குதிகாலுக்கு மேலே நாண் தடிச்சு வருது. உள்ளழுத்தத்தை ஓய்விலும் பாரத்திலும் அளக்கணும். எத்திக்ஸ் அனுமதி ஆயாச்சு. கையில் இருக்கிறது காம்பார்ட்மென்ட் (தசையறை) அழுத்தம் பார்க்கிற சலைன் ஊசி. குத்தினதும் 90 மி.மீ. மெர்க்குரி, பத்து நிமிஷத்தில் 40, இன்னும் இறங்குது. எதை எழுதுறது?

நெய்யாற்றங்கரை ஆர்த்தோ:
ரெண்டையும் எழுதாதீங்க சார். தசையில் சலைன் பரவிப்போக இடமுண்டு. நாணில் கொலாஜன் இழை நெருக்கம், ஒரு துளி விட்டாலும் அதுவே அழுத்தத்தை ஏத்தும். நீங்க பார்க்கிறது பெரும்பாலும் அந்தத் துளி மெல்லக் கசிவதைத்தான். டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை எண்ணாக்கும் கருவி) ஊசி முனையைவிட 10 செ.மீ. தாழ்ந்திருந்தாலே 7 மி.மீ. கூடுதலாக் காட்டும், அதையும் பாருங்க.

முனையிலேயே சென்சர் உள்ள ஃபைபர் ஆப்டிக் வகை வாங்குங்க. அரை மி.மீ.க்கும் குறைவு, 20 கேஜ் கேனுலாவில் (ஊசிமேல் இருக்கும் பிளாஸ்டிக் குழாய்) போகும். ஆளைக் குப்புறப் படுக்க வைச்சு, பாதம் மேசை விளிம்புக்கு வெளியே. எலும்பில் ஒட்டுமிடத்திலிருந்து 4 செ.மீ. மேலே, அல்ட்ராசவுண்ட் பார்த்து, இழை ஓடும் திசையிலேயே முனையைப் படுக்க வைங்க. மரப்பு மருந்து தோலுக்கு மட்டும். நாணுக்குள் விட்டா பழைய கதைதான். பிறகு கேனுலாவைப் பின்னுக்கு இழுத்து சென்சரைத் திறந்து விடணும். இதை மறந்தா பிளாஸ்டிக் குழாயின் அழுத்தத்தைத்தான் அளப்பீங்க.

நாணை விரலால் லேசா அமுக்குங்க. எண் சட்டென்று ஏறி, விட்டதும் சட்டென்று இறங்கணும். இழுத்துக்கிட்டு இறங்கினா முனை இழையில் மாட்டியிருக்கு.

பயோமெக் செங்கோட்டை:
டாக்டர் சொன்னதோட: அளக்குறதுக்கு முன்னாலும் பின்னாலும் 37 டிகிரி சலைனில் சென்சரின் சுழியம் பாருங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் போனா அந்த ஆளோட பதிவைத் தள்ளிடலாம். ஓய்வு என்று எழுதுமுன் சோலியஸ் (கெண்டைக்கால் தசை) மேல் ஈ.எம்.ஜி. (தசையின் மின்பதிவு) அமைதியா இருக்கா என்று உறுதி பண்ணுங்க. பாதத்தை மேலே மடக்கினா தசை சுருங்காமலே அழுத்தம் ஏறும்: நாண் இழுபட்டா குறுக்கில் ஒடுங்கும், முறுக்கிய இழைக்கட்டுகள் உள்ளே நெருக்கும். அதனால் கோணத்தை எப்பவும் சேர்த்து எழுதுங்க.

பாரத்துக்கு டைனமோமீட்டரில் (விசை அளக்கும் கருவி) மூட்டு அசையாத தசைச் சுருக்கம் போதும்; முழு பலத்தில் 10, 20, 30 சதவீதம். ஓட்டம் வேண்டாம், முனை நழுவும். ஆய்வாளர் கோமியின் குழு நாணைச் சுற்றிக் கொக்கி மாதிரி விசை சென்சர் மாட்டி ஓட்டத்தில் 9 கிலோநியூட்டன் வரை கண்டது விசை. உள்ளழுத்தம் வேற கணக்கு, ஒண்ணிலிருந்து இன்னொண்ணை வகுத்து எடுக்க முடியாது.

களியக்காவிளை பிசியோ:
எலும்போடு ஒட்டும் இடத்தில் வலி உள்ளவங்களையும் சேர்க்கலாமா?

நெய்யாற்றங்கரை ஆர்த்தோ:
வேண்டாம். அங்கே குதிகால் எலும்பு முன்னாலிருந்து நசுக்குது, அது தனி அளவீடு. சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் (ஆன்டிபயாடிக்) சாப்பிட்டவங்களையும் விலக்குங்க. நாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு.