மறு: குவையருக்கு ‘நான்மடி’ வேண்டாம்

> ‘நான்மடி’ என்றே வைத்துவிடலாமே. மூலச்சொல்லிலும் நான்கு இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

தோல் அல்லது தாள் விரிப்புகளை அடுக்கி நடுவில் மடித்து, நூலாகத் தைக்க எடுக்கும் ஒரு தொகுதிதான் குவையர் (quire). அதற்குத் தமிழில் ‘நான்மடி’ என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கலே அந்த நான்குதான். ஆங்கிலக் குவையர், பிரெஞ்சுக் காயே, ஸ்பானியக் குவாதெர்னோ மூன்றும் ‘நந்நான்கு’ என்னும் லத்தீன் சொல்வழி வந்தவை. 4 தோல் விரிப்புகளை அடுக்கி நடுவில் மடித்தால் 8 ஏடு, 16 பக்கம். ஆனால் அது வழக்கம், விதியல்ல. 5 விரிப்பை மடித்ததும் உண்டு. கடைசியில் மிஞ்சியதற்கு 2 விரிப்போடு நிறுத்தியதும் உண்டு. அப்போது “5 விரிப்புள்ள நான்மடி” என்று எழுதுவோமா? ஜெர்மன்காரர்கள் ‘லாகெ’ என்கிறார்கள்: அடுக்கு, அவ்வளவுதான்.

எண்ணில் எவ்வளவு குழப்பம் வரும் என்பதை ஐரோப்பியச் சுவடி நூலகர்களிடமே பார்க்கலாம். இப்படி நந்நான்கு விரிப்பாக 3 அடுக்கு, மொத்தம் 24 ஏடுள்ள ஒரு தோற்சுவடி. ஆங்கில அட்டவணையில் 1–3⁸, அதாவது 1 முதல் 3 வரையுள்ள அடுக்கு ஒவ்வொன்றிலும் 8. அந்த 8 என்பது ஏடுகளின் கணக்கு. ஜெர்மன் அட்டவணையில் முதலில் 3, அடுத்து ரோமன் எண்ணில் 4, அதன் தலைமேல் சிறிதாகக் கடைசி ஏட்டின் எண் 24. அந்த 4 என்பது விரிப்புகளின் கணக்கு. பழகாதவர் பார்த்தால் பாதிச் சுவடி தொலைந்துவிட்டது என்றே நினைப்பார்! 1999–2001இல் நடந்த மாஸ்டர் என்னும் ஐரோப்பியத் திட்டத்தில் கணினியில் சுவடி விவரிப்புக்குப் பொது அமைப்பு வகுத்தார்கள்; அதன் வழியில் வந்த, நூல்களைக் கணினிக்காகக் குறியிடும் டிஇஐ (TEI) நெறிமுறையும் அடுக்கமைப்பை எழுத ஓர் இடம் ஒதுக்கியதே தவிர, இந்த வாய்பாடுதான் என்று கட்டாயப்படுத்தவில்லை.

நமக்கு உதவும் முன்மாதிரி 1985இல் டெனி முசரெல் வெளியிட்ட பிரெஞ்சுச் சுவடியியல் சொற்தொகுதி. அதை அடியொற்றி 1996இல் இத்தாலிய நூலும் 1997இல் ஸ்பானிய நூலும் வந்தன. பொருள் ஒன்று, சொல் அவரவர் வழக்கு. இத்தாலியர் நான்கை விட்டுவிட்டு ‘ஃபஷீகொலோ’, அதாவது சிறு கட்டு என்கிறார்கள்.

நாமும் ‘கட்டு’ என்றால் சுவடிக்கட்டோடு மோதும். அச்சகத்து ‘ஃபாரம்’ அச்சிட்ட தாளுக்குத்தான் பொருந்தும். சாவிக்கொத்தில் எத்தனை சாவி என்று யாரும் கேட்பதில்லை. அதனால் என் பரிந்துரை மடிகொத்து. ஒரு விரிப்புக்கு மடியேடு.

அப்புறம், ஒரு கொத்தின் கடைசிப் பக்க அடியில் அடுத்த கொத்தின் முதற்சொல்லை எழுதிவைப்பார்களே, தைப்பவர் வரிசை மாற்றிவிடாமல் இருக்க? அதற்கு ‘அந்தாதிச்சொல்’. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மடிகொத்து வினைத்தொகை, சுடுசோறு போல. யாரும் ‘க்’ போட்டுத் திருத்திவிட வேண்டாம்.