முதலாளி வந்தால் பிரிண்டர் நின்றுவிடும்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பில் போட ஆறு கணினிகள், எல்லாவற்றுக்கும் ஒரே நெட்வொர்க் பிரிண்டர். சில நாள் காலையில் இரண்டு கவுண்டரில் பில் வரும், மற்றவற்றில் வராது. ரீஸ்டார்ட் செய்தால் வராதது வரும், வந்தது நின்றுபோகும். டிரைவரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், கணினிகளையெல்லாம் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சையே மாற்றினேன். ம்ஹூம்.

கவுண்டர் பையன்தான் சொன்னான்: "முதலாளி ஊர்ல இல்லாத அன்னிக்கு நல்லா ஓடுதுங்ண்ணா." சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் பிரிண்டரின் கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் முகவரியான 192.168.1.105-க்கு, "இருக்கிறாயா?" என்று கேட்கும் பிங் அடித்தேன். பதில் வந்தது!

எந்த முகவரி எந்தக் கருவிக்கு என்று கணினி குறித்து வைக்கும் ஏஆர்பி அட்டவணையில், அந்தப் பதிலுக்குச் சொந்தமான மேக் எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்ணைப் பார்த்தேன். முதல் ஆறு இலக்கம் தயாரித்த கம்பெனியைச் சொல்லும். இது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தவில்லை. இரண்டாவது இலக்கம் 6. அப்படியென்றால் அது தொழிற்சாலையில் பதித்த எண் இல்லை, கருவி தானாகப் போட்டுக்கொண்டது. ஆண்ட்ராய்டு 10-இலிருந்து செல்போன்கள் வைஃபையில் இந்த வேலையைத்தான் செய்கின்றன. முதலாளியின் போன்!

நடந்தது இதுதான். பிரிண்டருக்கு 105 என்று யாரோ கையால் போட்டிருக்கிறார்கள். ரவுட்டரோ 100 முதல் 199 வரை வருகிறவர்களுக்கெல்லாம் பங்கு வைக்கிறது. முதலாளி எட்டு மணிக்கே வந்துவிடுவார், பிரிண்டரைப் போடுவது ஒன்பதரைக்கு. காலியாகக் கிடந்த 105 அவர் போனுக்குப் போய்விட்டது.

அப்புறம் ஒவ்வொரு கணினியும் "105 யாருப்பா?" என்று வலையில் கேட்கும். இரண்டு பேர் கை தூக்குவார்கள். யார் பதிலை அது குறித்துக்கொண்டதோ அவருக்கே பில் போகும். சொல்கிறவர் உண்மையான ஆளா என்று சரிபார்க்கும் வழக்கம், 1982-இல் எழுதிய அந்த ஏஆர்பி விதியில் கிடையாது. ஆறு கணினியும் ஆறு விதமாக நடந்துகொண்டது அதனால்தான்.

ரவுட்டர் பங்கு வைக்காத 192.168.1.20-க்கு பிரிண்டரை மாற்றினேன். ஆறு கணினியிலும் பிரிண்டர் முகவரியைக் குறித்திருக்கும் போர்ட்டைத் திருத்த முக்கால் மணி நேரம் ஆனது. சுவிட்சு வாங்கிய காசை நான் கேட்கவில்லை.

பதில்:
உங்களுக்காவது ஐபி முகவரி மட்டும் மோதியது. எனக்கு மேக் எண்ணும் சேர்ந்து மோதியது. சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் ஒரு மெய்நிகர் கணினியை நகல் எடுத்து வேறு சர்வரில் ஓடவிட்டேன். "நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா?" என்று மென்பொருள் கேட்டதற்கு அவசரத்தில் "நகர்த்தினேன்" என்று அழுத்திவிட்டேன். பழைய மேக் எண்ணே அதற்கும் போய்விட்டது. மேக் ஒன்று என்பதால், முகவரிகளைப் பங்கு வைக்கும் டிஎச்சிபி இரண்டுக்கும் ஒரே ஐபியைக் கொடுத்தது. முகவரி மோதல் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச், சர்வரை அடையாளம் காணும் சாவிகளும் நகல்தானே, அதுவும் சந்தேகப்படவில்லை. சேமித்த கோப்பு அடுத்த முறை உள்ளே போனால் இருக்காது, இன்னொரு முறை போனால் இருக்கும். பேய் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். சுவிட்சின் பதிவேட்டில் ஒரே மேக் 3-ஆம் போர்ட்டுக்கும் 11-ஆம் போர்ட்டுக்கும் தாவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

பதில்:
கவுண்டர் பையனுக்கு டீயாவது வாங்கிக் கொடுத்தீர்களா?