ஏணி இருக்கிறது, கடல் இல்லை: காஸ்பியன் அனுபவங்கள்

கஜகஸ்தானில் காஸ்பியன் கடலோரம் இருக்கும் அக்தாவ் நகரத்துக்கு நான் முதலில் வேலைக்குப் போனது 2012-ல். தெருக்களுக்குப் பெயரே கிடையாத ஊர். குடியிருப்பு எண், கட்டட எண், வீட்டு எண் சொன்னால் போதும், டாக்சிக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். கோடையில் லீவு நாளானால் பாறைக்கரைதான். அங்கே ஒரு இரும்பு ஏணி. கடைசி மூன்று படிகள் தண்ணீருக்குள் பாசி பிடித்து வழுக்கும். எனக்கு நீச்சல் அரைகுறை. ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டே குளித்துவிட்டு வருவேன்.

2023 ஜூனில் மறுபடி போனேன். ஏணியின் கடைசிப் படி முழங்கால் உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. அடியில் காய்ந்த பாறை, ஒட்டிக்கிடக்கும் செத்த சிப்பிகள். கடல்மட்டம் இறங்கியதற்காக ஊரில் அவசரநிலை அறிவித்ததும் அதே மாதம்தான்.

—

காஸ்பியனின் மறுகரையில், அஜர்பைஜான் தலைநகர் பாகூவில் வேலை பார்த்த அண்ணன் ஒருவரிடம் கேட்டேன்: அண்ணே, உலகம் முழுக்கக் கடல் ஏறுகிறது என்கிறார்கள். இது மட்டும் ஏன் இறங்குகிறது?

—

அவர் சொன்னார்: பெயர்தான் தம்பி கடல், கணக்கெல்லாம் ஏரிக் கணக்கு. பெருங்கடலோடு தொடர்பில்லை. ஆற்று வரத்தில் ஐந்தில் நான்கு பங்கு ரஷ்யாவின் வோல்கா ஆறு. செலவு என்றால் ஆவியாவதுதான், அதுவே ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். வெயில் கூடக் கூடச் செலவு கூடுகிறது; வரத்து அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

நான் பாகூவில் இருந்தபோது கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர், "போகும், வரும்" என்று சிரிப்பார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. 1929 முதல் 1977 வரை கிட்டத்தட்ட மூன்று மீட்டர் இறங்கியது. பதறிப்போன சோவியத் அரசு, கிழக்குக் கரையில் இருக்கும் காரா-போகாஸ்-கோல் வளைகுடாவுக்குள் தண்ணீர் போய் வீணாகிறது என்று 1980-ல் அதன் வாயை அணை கட்டி அடைத்தது. ஆனால் கடல் 1978-லேயே ஏறத் தொடங்கிவிட்டது! வளைகுடா காய்ந்து உப்புப் புழுதி பறந்ததுதான் மிச்சம். 1992-ல் அணையை உடைத்தார்கள். 1995 வரை இரண்டரை மீட்டர் ஏறியது.

அப்புறம் இறங்குமுகம்தான். அந்தப் பெரியவரின் தைரியம் எனக்கு இல்லை. இந்தச் சூடு தணிகிற மாதிரித் தெரியவில்லை. வடக்கே சராசரி ஆழமே ஐந்தாறு மீட்டர்; இறங்கினால் முதலில் காய்வது அங்கேதான். சீல்கள் குட்டி போடும் பனிக்கட்டியும் அந்தப் பக்கம்தான்.

—

சரிதான். ஏணியை இன்னும் எடுக்கவில்லை. பையன்கள் அதில் துண்டு காயப்போட்டிருந்தார்கள்.