லிங்கர் ஸ்கிரிப்ட் பேட்சை எப்படி ரிவ்யூ செய்வது?

கொருக்குப்பேட்டைக்காரன்:
நானும் தண்டையார்பேட்டை நண்பன் ஒருவனும் ரிஸ்க்-ஃபைவ் பிராசசருக்கு ஒரு சின்ன கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) எழுதுகிறோம். கியூஎமு எமுலேட்டரின் 'விர்ட்' மெஷினில் ஓடுகிறது, மெமரியில் ஹெக்ஸ் 80000000 முகவரியில் ஏறும். போன வாரம் லிங்கர் ஸ்கிரிப்டில் (கம்பைல் ஆன துண்டுகளை, அதாவது செக்‌ஷன்களை, மெமரியில் எங்கே வைப்பது என்று லிங்கருக்குச் சொல்லும் ஃபைல்) 9 வரி மாற்றி அனுப்பினான்: டிரைவர் அட்டவணைக்குத் தனி செக்‌ஷன், கூடவே பயன்படாததை வெட்ட 'ஜிசி-செக்‌ஷன்ஸ்'. ரயில்வே கேட் மூடியிருந்தபோது போனிலேயே மூன்று தடவை படித்தேன், தப்பாக எதுவும் படவில்லை, மெர்ஜ் செய்துவிட்டேன். பில்டில் ஒரு வார்னிங்கூட இல்லை. பூட் ஆனது, ஆனால் டிஸ்க் டிரைவர் எழவே இல்லை. இரண்டு ராத்திரி டிரைவரிலேயே தேடி, கடைசியில் கிட் பைசெக்ட் (எந்த மாற்றத்தில் கெட்டது என்று பாதி பாதியாகத் தேடுவது) போட்டால் இந்த பேட்சில் வந்து நின்றது. நானே சரி சொன்ன பேட்ச் என்பதுதான் உறுத்துகிறது. அடுத்த தடவை எதைப் பார்க்க வேண்டும்?

வியாசர்பாடி அண்ணன்:
தம்பி, அந்த செக்‌ஷனைச் சுற்றி 'கீப்' (இதை வெட்டாதே என்று லிங்கருக்குச் சொல்வது) போட்டிருந்தானா? இல்லையென்றால் காரணம் அதுதான். டிரைவர் அட்டவணையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தொடக்க முகவரியிலிருந்து முடிவு முகவரி வரை ஒரு லூப் ஓடுகிறது, அவ்வளவே. லிங்கர் கண்ணுக்கு அது யாருக்கும் வேண்டாத பொருள், வெட்டிவிடும். இரண்டு முகவரியும் ஒன்றாகிவிட்டால் லூப் ஒரு தடவைகூடச் சுற்றாது. எரர் எங்கிருந்து வரும்?

இந்த ஃபைலை வெறும் கண்ணால் படித்துச் சரி சொல்லாதே. பேட்சுக்கு முன்னும் பின்னும் பில்ட் செய்து, 'ரீட்எல்ஃப்' கருவி தரும் செக்‌ஷன் பட்டியல் இரண்டையும் டிஃப் எடு. அளவோ முகவரியோ மாறிய ஒவ்வொரு வரிக்கும் அனுப்பியவன் காரணம் சொல்லட்டும். லிங்கர் எழுதித் தரும் மேப் ஃபைலில் 'டிஸ்கார்டட் இன்புட் செக்‌ஷன்ஸ்' தலைப்பின் கீழ், வெட்டியதெல்லாம் இருக்கும். அப்புறம், அட்டவணை காலியாக இருந்தால் லிங்க்கை நிறுத்தும் ஒரு 'அசெர்ட்' போடு. பாடத்துக்கென எழுதிய எக்ஸ்வி6 ஓஎஸ்ஸில், டிராம்போலின் என்ற கோடுப் பகுதி 4096 பைட்டைத் தாண்டினால் லிங்க்கே நின்றுவிடும், ஒரே வரிதான்.

ராயபுரம்வாசி:
அட்டவணையின் தொடக்க முகவரிக்கு வைத்த பெயர், அதாவது தொடக்க சிம்பல், செக்‌ஷனின் அடைப்புக்குறிக்கு உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே இருந்தால், அலைன்மென்ட்டுக்காக (முகவரியை முழு மடங்கில் நிறுத்த) செக்‌ஷன் நகரும், சிம்பல் பழைய இடத்திலேயே நிற்கும். எனக்கு முதல் எண்ட்ரி குப்பையாக வந்தது அதனால்தான். செக்‌ஷன் அளவு சரியாகவே தெரியும்; சிம்பல்களைப் பட்டியலிடும் 'என்எம்' போட்டு முகவரிகளை ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
அண்ணா, கீப் இல்லைதான். வெட்டிய பட்டியலில் எங்கள் மூன்று டிரைவரும் இருந்தன. கீப், அசெர்ட் இரண்டையும் சேர்த்தேன், டிஸ்க் எழுந்துவிட்டது. சிம்பல் உள்ளேதான் இருக்கிறது. அசெர்ட் பிடிக்கிறதா என்று பார்க்க, கீப்பை எடுத்துவிட்டு ஒரு தடவை பில்ட் செய்தேன். லிங்க் நின்றது.