சார்லட் விபத்து: தப்பு மெக்கானிக் மேலா, மேனுவல் மேலா?

கயிற்றுமுனை:
2003 ஜனவரி 8, அமெரிக்காவின் சார்லட் விமான நிலையம். ஏர் மிட்வெஸ்ட் 5481, பீச் 1900டி ரகச் சிறு விமானம். கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூக்கு 54 டிகிரி வரை தூக்கிக்கொண்டு, ஹேங்கர் (விமானக் கொட்டகை) ஒன்றில் மோதி எரிந்தது. உள்ளே இருந்த 21 பேரும் இறந்தார்கள். ஜனவரி 6 இரவு எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்க வாலில் இருக்கும் அசையும் பலகை) கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்த மெக்கானிக், மேனுவலில் இருந்த பல படிகளைச் செய்யாமலே விட்டுவிட்டார். அதனால் எலிவேட்டர் கீழே இறங்க வேண்டிய தூரத்தில் பாதிதான் இறங்கியது. வேலை செய்தவர், கையெழுத்துப் போட்ட இன்ஸ்பெக்டர், இந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரைக் கேட்பது?

ராச்செட்:
அவசரப்படாதீர்கள். அந்த மெக்கானிக்குக்கு இந்த ரக விமானத்தில் அதுதான் முதல் தடவை. சொல்லிக்கொடுத்தவரும் சரிபார்த்தவரும் ஒரே ஆள். தானே சொல்லிக்கொடுத்த வேலையில் தானே எப்படித் தப்பு கண்டுபிடிப்பார்? அப்புறம் அந்த மேனுவலில் கேபிள் இறுக்கத்துக்கென்று தனிப் பகுதியே கிடையாது. மொத்த ரிக்கிங் (கேபிளும் பலகையும் சரியாக அசையும்படி அமைக்கிற) வேலையும் ஒரே நீளமாகப் போகும். "இறுக்கம் மட்டும்தானே, மற்றதெல்லாம் எதற்கு" என்று நினைத்துவிட்டார்கள்.

கயிற்றுமுனை:
நினைத்ததுதானே தப்பு! எதை விடலாம் என்று முடிவு பண்ண அவர்கள் யார்?

ராச்செட்:
டர்ன்பக்கிளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? விரலளவு உருளை, இரண்டு முனையிலும் எதிரெதிர் மரை. நாலு சுற்று சுற்றினால் கேபிள் விறைக்கும், மீட்டரில் சரியான எண் வரும். வேலை முடிந்த மாதிரியே இருக்கும். எலிவேட்டர் எவ்வளவு இறங்குகிறது என்பதை அந்த எண் சொல்லாது. அது விட்டுப்போன படிகளில் இருந்தது.

நீலவானம்:
ஒரு சந்தேகம். அப்படியென்றால் அடுத்த பயணத்திலேயே விழுந்திருக்க வேண்டாமா? பராமரிப்புக்குப் பிறகு ஒன்பது தடவை பறந்திருக்கிறதே.

ராச்செட்:
நல்ல கேள்வி. அன்றைக்கு 19 இருக்கையும் நிரம்பி, பெட்டிகளும் ஏறி, எடை மையம் வால் பக்கம் போய்விட்டது. மூக்கை அழுத்த முழு எலிவேட்டரும் தேவைப்பட்டபோது பாதிதான் இருந்தது. இத்தனைக்கும் காகிதத்தில் எடை சரி! பயணிக்கு இவ்வளவு என்று பழைய சராசரியைப் போட்டுக் கணக்குப் பார்த்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகு அந்தச் சராசரியையே கூட்ட வேண்டியிருந்தது. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் நிறுவனத்தின் மேற்பார்வையையும் எஃப்ஏஏவின் (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) மேற்பார்வையையும் சேர்த்தே குறை சொன்னது.

கயிற்றுமுனை:
சரி, எடைக் கணக்கு அவர்கள் தலையில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அறிக்கை தப்பான ரிக்கிங்கைத்தான் முதலில் வைக்கிறது. எலிவேட்டர் முழுதாக இறங்கியிருந்தால் விமானி சமாளித்திருப்பார். வேலை முடிந்ததும் ஒருவர் காக்பிட்டில் கன்ட்ரோலை முன்னே தள்ள, இன்னொருவர் வாலடியில் நின்று அளந்தால் ஐந்து நிமிடம் ஆகுமா? அதைச் செய்ய யாராவது எழுதித் தர வேண்டுமா?

ராச்செட்:
வேண்டும். விடியற்காலை விமானம் கிளம்பியாக வேண்டும் என்று மேலே இருந்து போன் வரும் ராத்திரியில், எழுதியிருப்பதைச் செய்யவே நேரம் இருக்காது. எழுதாததை எவர் செய்வார்?

கயிற்றுமுனை:
இங்கே எழுதியிருந்ததையே செய்யவில்லையே, ஐயா.