மாநில மசோதாக்களையும் நிதிநிலைப் பேச்சுகளையும் ஒரு நகராட்சி எப்படிப் பின்தொடர்வது? (கலிஃபோர்னியா)

கேள்வி: இளவேனில்

வணக்கம். கலிஃபோர்னியாவில் நடுத்தர அளவிலான ஒரு நகராட்சியின் நகர மேலாளர் அலுவலகத்தில் அண்மையில் பணிக்குச் சேர்ந்தேன். மாநிலச் சட்டமன்ற நடவடிக்கைகளைக் கவனித்து நகர மன்றத்துக்கு அறிக்கை தருவது என் பொறுப்பு. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள் தாக்கலாகின்றன. மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவில் எங்களுக்கென்று தனிப் பிரதிநிதி கிடையாது. எதைப் படிப்பது, எதை விடுவது, நிதிநிலைப் பேச்சுகளை எந்தக் கட்டத்தில் கவனிப்பது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பொன்னி

முதல் வேலையாக, மாநிலச் சட்டங்கள் குறித்து உங்கள் நகர மன்றம் ஏற்றுக்கொண்ட கொள்கை அறிக்கை உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்றை எழுதி ஒப்புதல் பெறுங்கள். குழு விசாரணைக்குச் சில நாள்களே இருக்கையில் மசோதா திருத்தப்பட்டால், அடுத்த மன்றக் கூட்டம்வரை காத்திராமல் மேயரின் கையொப்பத்துடன் கடிதம் அனுப்ப அதுவே அதிகாரம் தரும்.

பிப்ரவரியில் தாக்கலுக்கான கெடு முடிந்ததும், கலிஃபோர்னியா நகரங்களின் கூட்டமைப்பு கவனிக்கும் மசோதாக்களிலிருந்து தொடங்கலாம். சட்டமன்ற இணையதளத்தில் பதிவு செய்தால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் மின்னஞ்சல் இலவசமாக வரும். ஒவ்வொரு மசோதாவின் தொடக்கத்திலும் சட்டமன்ற வழக்கறிஞர் அலுவலகத்தின் சுருக்கம் இருக்கும். உள்ளாட்சிகள்மேல் மாநிலம் புதுக் கடமை சுமத்துகிறதா என்பதை அங்கேயே காணலாம். அத்தகைய செலவை மாநிலம் ஈடுகட்ட வேண்டும் என்பது 1979 முதல் அரசியலமைப்பில் உள்ள விதி. ஆனால், கட்டணம் வசூலித்து நகரமே சமாளிக்கலாம் என்ற ஒரு வரியைக் கடைசிப் பிரிவில் சேர்த்துப் பல மசோதாக்கள் தப்பிவிடுகின்றன. ஆகவே கடைசிப் பிரிவைப் படிக்காமல் எந்த மசோதாவையும் ஒதுக்காதீர்கள்.

மறுமொழி 2: கணக்கர்

பொன்னி அவர்கள் சொன்னது சரியே. ஆயினும் அந்த முறையை மட்டும் நம்பினால் மிக முக்கியமானவை கைநழுவிப் போகும். ஆளுநர் ஜனவரி 10க்குள் நிதிநிலைத் திட்டத்தை முன்வைக்கிறார், மே மாத நடுவில் திருத்துகிறார், சட்டமன்றம் ஜூன் 15க்குள் நிறைவேற்றியாக வேண்டும். தவறினால் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் கெடு காக்கப்படுகிறது. ஆனால் அன்று நிறைவேறுவது பல ஆண்டுகளில் இரு அவைகளின் நிலைப்பாடு மட்டுமே. ஆளுநர், கீழவையான அசெம்பிளியின் தலைவர், மேலவையான செனட்டின் தலைவர் ஆகிய மூவரும் எட்டும் உடன்பாடு அதற்குப் பிறகுதான் வெளிவரும்.

அதனுடன் வரும் டிரெய்லர் மசோதாக்களே, அதாவது நிதிநிலையைச் செயல்படுத்தவென்று சட்டங்களை மாற்றும் துணை மசோதாக்களே, நீங்கள் அஞ்ச வேண்டியவை. 2010இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்ற 25ஆம் முன்மொழிவுக்குப் பின், சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேறியதும் அவை உடனே நடைமுறைக்கு வந்துவிடுகின்றன. 2025 ஜூன் 30 அன்று கையொப்பமான அத்தகைய ஒரு மசோதாவை, ஏபி 130ஐ (அசெம்பிளி மசோதா 130), பாருங்கள்: நகருக்குள் எழும் வீட்டுத் திட்டங்கள் பலவற்றுக்குச் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து விலக்களித்ததோடு, நகரங்கள் குடியிருப்புக் கட்டட விதிகளைத் தாமாக மாற்றுவதையும் 2031 வரை பெருமளவு நிறுத்திவைத்தது. வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்னதாக மசோதாவின் வாசகம் வெளியாக வேண்டும் என்ற விதி இருப்பது உண்மைதான்; உங்கள் திட்டமிடல் துறை அதைப் படித்துக் கருத்துச் சொல்ல அந்த மூன்று நாள் போதுமா என்று நீங்களே கணக்கிடுங்கள்.

மறுமொழி 3: இளவேனில்

மிக்க நன்றி. அப்படியானால் ஜூனுக்கு முன்பு நகராட்சி செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 4: கணக்கர்

உண்டு; பெரிய மாற்றங்களின் அறிகுறி ஜனவரியிலேயே தெரிந்துவிடலாம். ஓர் எடுத்துக்காட்டு: நலிந்த பகுதிகளைச் சொத்து வரி வருவாயைக் கொண்டு புதுப்பித்துவந்த நகர மறுமேம்பாட்டு முகமைகளை ஒழிக்கும் யோசனையை அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2011 ஜனவரியிலேயே அறிவித்தார். சட்டம் ஜூனில் வந்தது. மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பரில் அதை உறுதிசெய்தது. 2012 பிப்ரவரி 1 அன்று ஏறத்தாழ 400 முகமைகள் கலைந்தன. இடையில் அவசரமாகச் சொத்துகளை மாற்றிய நகரங்களிடமிருந்து அவற்றைத் திரும்பப் பெறவும் அச்சட்டமே வழிசெய்திருந்தது. எனவே ஆளுநரின் ஜனவரி நிதிநிலை ஆவணத்தையும், அதைப் பற்றிச் சட்டமன்றத்துக்குக் கட்சி சார்பின்றி நிதி ஆலோசனை தரும் சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் வெளியிடும் அறிக்கைகளையும் உங்கள் நிதி இயக்குநருடன் உட்கார்ந்து படியுங்கள். மார்ச் முதல் நடக்கும் நிதிநிலைத் துணைக்குழு விசாரணைகளில் உங்கள் தொகுதி உறுப்பினர் இருக்கிறாரா என்று பார்த்து, அவருடைய அலுவலக ஊழியரிடம் நகரத்துக்கு ஏற்படும் செலவை எண்களாகக் கொடுத்துவிடுங்கள். மே திருத்தம் வந்தபின் கொடுத்தால், அதைச் சேர்க்க அவர்களுக்கே இடமிருக்காது.